பென்சில் விலை

நகோயாவில், ஓசு கடைத்தெருவின் மூன்றாவது சந்தில்
பழைய கேமராக் கடையொன்றில்
விலைச்சீட்டு எழுதுகிறவள் நான்.
முதலாளி குரோயானாகி பேனா தரமாட்டார்.
பென்சில்தான், அதுவும் அழுத்தாமல்.
"மை காய்வதற்குள் விலை மாறிவிடும்" என்பார்,
சிரிக்காமல்.

திங்கட்கிழமைக் காலைகள் அழிப்பானுக்கு.
கல்யாணங்களைப் படமெடுத்தே
ஒரு பக்கத் தோள் இறங்கிப்போன மனிதர்
கனத்த டிஜிட்டல் கேமராவோடு வந்தார்.
வாங்கியபோது ஆறு லட்சம் யென்.
இன்றைக்குப் பத்தொன்பதாயிரம்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.
பெட்டி, ரசீது, பிரிக்காத கையேடு
எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார்.
கையேட்டுக்கென்று ஐந்நூறு சேர்த்தேன்.
அப்படியொரு கணக்கு எங்கள் கடையில் இல்லை.

கழிசல் கூடையில் மூன்று வருஷம் கிடந்த
வெள்ளிநிறப் பொடிக் கேமராவுக்கோ
யோகம் அடித்தது.
எவளோ ஒரு பாடகி அதைக் கையில் வைத்திருந்தாளாம்.
முந்நூறு யென் முப்பதாயிரம் ஆயிற்று.
அதே கீறல்,
அதே மூடாத பேட்டரிக் கதவு.
நான் இரண்டு சுழி போட்டேன், அவ்வளவுதான்.

யென் சரிந்த குளிர்காலத்தில்
காலிப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள் வெளியூர்க்காரர்கள்.
அலமாரி வழித்துத் தின்ற தட்டானது.
எங்கள் தெருவில் விற்பதை
எங்கள் தெருக்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

ஹிராய்வா அதற்கு முன்பே பழக்கம்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
கொண்டுவந்தது ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ்,
விளிம்பில் அரிசிமுனை அளவு சிராய்ப்பு.
பல் கட்ட வேண்டும் என்று விற்றார், இருபத்தெட்டாயிரத்துக்கு.
நாலாம் மாதம் வந்து அதையேதான் கேட்டார்.
சீட்டில் நாற்பத்திரண்டு.
என் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்,
எண்ணி வைத்தார், எடுத்துப்போனார்.

அடுத்த முறை, மனைவி பிரிந்துபோன வருஷம்,
அறுபதாயிரம் கொடுத்தோம்.
ஏறியிருந்தது. பாதி சந்தோஷத்தோடுதான் போனார்.
திரும்பி வந்தபோது தொண்ணூற்றைந்து.
"என் சாமானுக்கு நானே வாடகை கட்டுகிறேன்" என்றார்.
நான் அழிப்பானை மேசைக்கடியில் தள்ளினேன்.
இரண்டு முறைக்கும் சேர்த்து நாற்பத்தொன்பதாயிரம்;
வீட்டுக்குப் போகும் ரயிலில்
யாரும் கேட்காமலே கூட்டிப் பார்த்தேன்.

பிறகு எங்கேயோ ஒரு தொழிற்சாலை
அதே கண்ணாடியை அதே வளைவில் வார்த்தது.
புத்தம் புதுசு, ஈராண்டு உத்தரவாதம், கால்வாசி விலை.
பழையவை ஒவ்வொன்றாக வந்து
எங்கள் கல்லாவுக்கு முன்னால் வரிசை நின்றன.

பிப்ரவரி மழையில் ஹிராய்வாவும் வந்தார்.
வேலைநேரத்தைப் பாதியாக்கிவிட்டார்களாம்.
லென்ஸைக் கம்பளிக் கையுறைக்குள் வைத்திருந்தார்.
விளக்கடித்துப் பார்த்தேன்.
உள்ளே பூஞ்சை, ஒற்றை முடி போல.
"பதினொன்று" என்றேன்.
"ஒன்பது" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

ஹிராய்வா சிரித்தார், வாய் முழுக்க.
முதல் விற்பனையில் கட்டிய பற்களை
அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
"ஒன்பதாயிரமா? அதற்கு எதற்கு விற்பானேன்?"
பையிலிருந்த கேமராவில் அங்கேயே அதை மாட்டினார்.
கல்லாவில் கிடந்த என் கையை,
கையிலிருந்த பென்சிலை,
ஒரு முறை சொடுக்கினார்.
வெளிச்சம் போதாது என்றேன்.
போதும் என்றார்.
குடையை மறந்து போனார்.
பிறகு அந்தக் குடைக்காகக்கூட வரவில்லை.

அவர் வாசலில் தெரிந்தபோதே
பாதிப் பெயர் எழுதி வைத்திருந்தேன் ஒரு சீட்டில்.
அழிக்கிறபோது காகிதம் கிழிந்தது.

சாயங்காலம் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள்
வெள்ளிநிறக் கேமராவைச் சுட்டி,
அடுத்த வாரம் குறையுமா அக்கா என்றார்கள்.
திரையைப் பார்த்தேன்.
உள்ளேயிருந்து சத்தமில்லை.
பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.